பார்ப்பவர்கள்: 2

விராலடிப்பான் என்ற மீன்பிடிப் பறவையின் கூட்டை இணையத்தில் நேரலையாகக் காட்டும் கேமராவைப் பத்தொன்பது நாட்களாக என் கணினியில் பார்க்கிறேன். நேற்று வரை பறவைகள் வரவில்லை. கம்பத்தின் உச்சியில் காய்ந்த குச்சிகள் மட்டும் கிடந்தன. படத்தின் மூலையில் பார்ப்பவர்களின் எண்ணிக்கை இருக்கும். அது ஒன்று, அந்த ஒருத்தி நான். தினமும் மாலை ஐந்து பத்துக்கு அது இரண்டாகும். ஐந்தரைக்கு மறுபடி ஒன்றாகிவிடும்.

அக்கா வேலை பார்த்த பல் மருத்துவமனையில் அந்த இருபது நிமிடம்தான் டீ இடைவேளை. அப்போதுதான் அவள் இந்தக் கூட்டைப் பார்ப்பாள். அவள் இறந்து எட்டு மாதமாகிறது.

நான் போகும் மாலை நேர எழுத்து வகுப்புக்கான நாட்குறிப்பில் இதை எழுதும் முன், தவறு என்னுடையதோ, நானே இருமுறை எண்ணப்படுகிறேனோ என்று சோதித்தேன். கணினியை அணைத்துவிட்டு அம்மாவின் ஃபோனில் மட்டும் திறந்தேன். அப்போதும் இரண்டு.

அம்மா எட்டிப் பார்த்தாள். "போன வருஷம் உங்கக்கா 'வாடி, சேர்ந்து பாக்கலாம்'னு கூப்பிட்டாளே, நீ என்ன சொன்ன?"

"காலிக் கூட்டைப் பாக்க எனக்கென்ன பைத்தியமான்னு கேட்டேன்."

"இப்ப மட்டும் அம்மணிக்கு நேரம் கெடைச்சிருச்சாக்கும்."

இன்று ஐந்து இருபதுக்கு ஆண் பறவை குச்சியோடு வந்து இறங்கியது. எண்ணிக்கை நாற்பதானது, பிறகு அறுநூறு, பிறகு மூவாயிரத்தைத் தாண்டியது. ஐந்தரைக்கு அதில் ஒருத்தி குறைந்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.