தலைகீழ்க் குருவிகள்

"யாருங்க இந்த விளையாட்டைச் செஞ்சது? எனக்கு இப்பவே தெரியணும்."

அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த கணவன் நிமிரவில்லை. "யாரோ ஒரு ரசிகராம். கனவுக்குள்ள நடக்கற பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு ஒண்ணு பிடிச்சுப்போய், அதே மாதிரி இலவசமாச் செஞ்சு விட்டிருக்கார். ஆபீஸ்ல கொடுத்தாங்க."

தையல் கடை வைத்திருக்கும் அவன் மனைவி மறுபடி கணினிப் பக்கம் திரும்பினாள். விளையாட்டில் ஒரு பெண் தூங்குகிறாள். தன் கனவுக்குள்ளேயே நடக்கிறாள். பேச்சில்லை, சண்டையில்லை. கதவுகள் மட்டும். ஒன்றைத் திறந்தால் குடைகள் முளைத்த காடு. இன்னொன்றில் படிக்கட்டு ஏறிவரும் மீன்கள். பத்து நாளாகச் சோறு தண்ணி மறந்து திறந்துகொண்டிருக்கிறாள். இன்று திறந்த அறையில் ஒரு ஜன்னல். ஜன்னலில் திரை. திரை நிறையக் குருவிகள், எல்லாம் தலைகீழாக.

கல்யாணமான முதல் வாரம், கூடத்து ஜன்னலுக்கென்று ஆசையாக அவள் தைத்த திரை அது. அவசரத்தில் துணியைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டாள். மாமனார் அதை வெகுநேரம் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லாமல் மாடியறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றே திரையைக் கழற்றிப் பழந்துணி மூட்டையில் போட்டாள். எட்டு மாதமாகியும் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாத வீட்டில் இருக்க முடியாதென்று அவள் அழுததில்தான், வரும் ஞாயிற்றுக்கிழமை தனிக்குடித்தனம்.

"நீங்கதானே செஞ்சீங்க? குருவி விஷயம் வேற யாருக்குத் தெரியும்?"

"நானா? நான் வட்டம் போட்டா உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும்."

விளையாட்டில் ஒரே ஒரு கதவு மிச்சமிருந்தது. சேர்த்துவைத்த குடை, விளக்கு, விசில் எதற்கும் அது அசையவில்லை.

"அதை விடு. கட்டிலைப் பிரிக்கணும், அப்பாகிட்ட ஸ்க்ரூடிரைவர் வாங்கிட்டு வா."

"நீங்களே போங்க. என்னைக் கண்டாலே அவருக்கு ஆகாது."

"நான் கேட்டா தர மாட்டார். நீ போ."

முணுமுணுத்துக்கொண்டே மாடியேறித் தட்டினாள். தாழ் போடாத கதவு தானாகத் திறந்துகொண்டது.

அவள் பழந்துணி மூட்டையில் போட்ட திரை, துவைத்துத் தேய்த்து, அந்த அறை ஜன்னலில் தொங்கியது. மேசையில் இருந்த கணினியில் அதே கடைசிக் கதவு. வீடு கட்டுகிறவர்களுக்குக் கணினியில் வரைபடம் போட்டுக் கொடுத்தே ஓய்வு பெற்ற மாமனார் தடுமாறி எழுந்தார்.

"எனக்குப் பேச வராதும்மா. அதான் உனக்காக இதைச் செஞ்சேன். இந்த ஒரு கதவை எப்படித் திறக்கறதுன்னு தெரியாமத்தான் அப்படியே விட்டுட்டேன்."