நிகிலின் புது ஆள்

"இந்த வாரம் யாருடா நீ?" என்றாள் சுஷ்மா.

நிகில் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான். ஆட்டத்துக்கான புது விதிப்புத்தகம். பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை.

"போன வாரம் இருந்த மந்திரவாதி ஊரை விட்டுப் போயிட்டான். இன்னிக்கு நான் மேகம் மேய்க்கறவன். இந்தப் புத்தகத்துலதான் முதல் தடவையா வரான்."

சுஷ்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தேவராஜ மொஹல்லாவில் ஸ்ரீவத்ஸனின் ஸ்டேஷனரிக் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையை மூடியதும் நான்கு சிநேகிதர்களும் அங்கே கூடுவார்கள். சுஷ்மா கதை சொல்வாள். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாகி அதற்குள் நடமாடுவார்கள். ஜெயிப்பதும் தோற்பதும் பகடையின் கையில்.

அந்தக் கதை சுஷ்மாவின் உயிர். ஏரிக்கு அடியில் ஒரு ஊர். அங்கே மழை கீழிருந்து மேலே பெய்யும். தெருவிளக்குகள் மீன்களோடு சேர்ந்து நீந்திக்கொண்டிருக்கும். தினமும் ஆபீஸ் பஸ்ஸில் ஜன்னலில் தலைசாய்த்து, ஒவ்வொரு தெருவாக அவள் கட்டிய ஊர்.

தசராவுக்கு முன்னால் நிகில் இப்படி இல்லை. எப்போதும் ஒரே படகோட்டிதான். அதற்கப்புறம்தான் என்ன வந்ததோ, புத்தகம் வருகிற வேகத்தைவிட இவன் ஆள் மாறுகிற வேகம் அதிகமாகிவிட்டது.

"நான் ஊருக்குப் புதுசு" என்று ஆரம்பித்தான் நிகில். "நீங்கள்லாம் யாரு? எங்கே போயிண்டிருக்கேள்?"

ஸ்ரீவத்ஸன் கொட்டாவியை அடக்கிக்கொண்டு சொன்னான். "நான் கோட்டைக் காவல்காரன். பிரதிபா விளக்குக்காரி. ஏரி ராணி தூங்கிட்டா. அவளை எழுப்பற பாட்டை யாரோ திருடிட்டா. அதைத் தேடிண்டு போறோம். போதுமா?"

"போதாது. வழியில என்ன ஆச்சு?"

மறுபடி எல்லாம் முதலிலிருந்து. பிரதிபா மட்டும் கன்னத்தில் கைவைத்து, கண்கள் பாதி மூடியிருக்க, தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது சுஷ்மா கன்னடம் கலந்து கறாராகச் சொன்னாள்: "நிகில், இனிமே புது ஆள் பேடா, வேண்டவே வேண்டாம். இந்த மேய்க்கறவனே கடைசி வரைக்கும். ஆயித்தா, சரியா?"

நிகில் தலையை மட்டும் ஆட்டினான்.

அடுத்த ஞாயிறு. பழங்கதை பேசாமல் நேராக ஆட்டத்துக்குள் நுழைந்தாள் சுஷ்மா. அவள் குரல் இறங்கியதும் அறையே மெல்லத் தண்ணீருக்குள் அமிழ்ந்த மாதிரி இருந்தது.

"பிரதிபா, அந்தக் கிழட்டு மீன் உன் எதிர்ல வந்து நிக்கறது. போன வாரம் நீ கொடுத்த வாக்கைக் கேக்கறது. என்ன சொல்றே?"

பிரதிபா சிரித்தாள். பகடையைப் பார்த்தாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"நான்... அது வந்து..."

"என் ஆள் சுழல்ல குதிச்சுட்டான்!" என்றான் நிகில்.

"என்னது? எதுக்குடா?"

"சும்மாதான். குதிச்சான், போயே போயிட்டான்." பையிலிருந்து இன்னொரு புத்தகம் வெளியே வந்தது. "இப்போ நான் சங்கு ஊதறவன். இப்பத்தான் கரை ஒதுங்கியிருக்கேன், ஒண்ணும் தெரியாது. இந்த மீனுக்கு என்ன வேணுமாம்?"

"மாராயா, உன்னோட பெரிய ரோதனை!" என்றான் ஸ்ரீவத்ஸன். "வழி காட்டினா என் விளக்கையே தரேன்னு இவ சொல்லியிருக்கா. அதைக் கேக்க வந்திருக்கு."

பிரதிபா நிமிர்ந்தாள். இரண்டு கைகளையும் குவித்து, உள்ளே ஏதோ எரிவதுபோல் பத்திரமாக நீட்டினாள்.

"எடுத்துக்கோ, மீனே. இருட்டுல நடக்க எனக்கும் பழகணும்."

இத்தனை மாதத்தில் ஆட்டத்தில் அவ்வளவு அழகாக யாரும் எதையும் சொன்னதில்லை. ஆனால் அதை ரசிக்கிற நிலையில் சுஷ்மா இல்லை.

"நிகில், கொஞ்சம் வெளியே வா."

மாடிப்படியில் மார்க்கெட்டின் மல்லிகை வாசனை ஏறி வந்துகொண்டிருந்தது.

"அடுத்த வாரத்துலேர்ந்து நீ வராதே" என்றாள். "புதுசு புதுசா எதையாவது தேடிண்டே இரு. எதுலயும் ஒட்டாதவனுக்கு என் கதையில இடமில்லை."

நிகில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டான்.

"சரி. ஆனா ஒண்ணு. என் இடத்துல வாராவாரம் யாராவது புதுசா வரணும்."

"பைத்தியமாடா உனக்கு?"

"புதுசு பிடிக்கும்னு யார் சொன்னா? அந்தப் படகோட்டியை விட்டது எனக்கு இன்னும் ஆறலை."

உள்ளே பிரதிபா எதற்கோ சிரிப்பது கேட்டது. நிகில் குரலைத் தாழ்த்தினான்.

"தசரா சமயத்துல பிரதிபா வண்டியிலேர்ந்து விழுந்தாளே, அதுலேர்ந்து அவளுக்கு எதுவும் ஞாபகத்துல நிக்கறதில்லை, சுஷ்மா. தன் வீட்டுக்கே வழி கேட்டு ஒருநாள் எனக்குப் போன் பண்ணினா, யார்கிட்டயும் சொல்லாதேன்னு அழுதா. உன் கதையை விட்டுட்டுப் போகவும் அவளுக்கு மனசில்லை. புதுசா வந்தவனுக்குன்னாத்தானே, நீங்கள்லாம் மறுபடி முதல்லேர்ந்து சொல்றேள்?"