இரண்டாயிரத்து ஐந்நூற்றுப் பத்தொன்பது

குனிந்து குனிந்து திருமூர்த்திக்கு இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது.

சித்திரை ஒண்ணாந்தேதி. மில்லுக்கு லீவு. மிஷின் சத்தம் இல்லாமல் பீளமேடே காது அடைத்த மாதிரி கிடந்தது. டைம் ஆபீஸ் வராந்தாவில் காலையிலிருந்து பித்தளை டோக்கன்களைப் பரப்பிக்கொண்டிருந்தான்.

உள்ளே போகிறவன் பலகையிலிருந்து தன் நம்பர் போட்ட டோக்கனை எடுத்துப் போவான். வெளியே வந்தால் மாட்டிவிடுவான். ஆணி காலியாக இருந்தால், ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம்.

இப்போது புதுப் பலகை, எல்லா வரிசையும் சமமாக. லீவு நாளில் ஒரு ஆணிகூடக் காலியாகத் தெரியக் கூடாது என்பது மானேஜர் உத்தரவு.

டோக்கன் மொத்தம் இரண்டாயிரத்து ஐந்நூற்றுப் பத்தொன்பது.

பத்து வரிசையாக அடுக்கினான். கடைசியில் ஒன்று குறைந்தது. கலைத்து ஒன்பதாக அடுக்கினான். ஒன்று குறைந்தது. எட்டிலும் அப்படியே.

தச்சு வேலைக்கு வந்த நரசிம்மலு, பலகையிலேயே சாக்கட்டியால் வகுத்துப் பார்த்தான். ஏழு, ஆறு, அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு.

"ஏனுங்க, இதென்னங்க பேய்க்கணக்கு? எதுல வகுத்தாலும் ஒரு ஆள் கொறையுது. இன்னும் ஒண்ணே ஒண்ணு இருந்தா அத்தனைலயும் சரியா வருமுங்க. எவனோ உள்ளயே தங்கிப்போட்டான்!"

அவன் சிரித்தான். திருமூர்த்தி சிரிக்கவில்லை. எப்படி அடுக்கினாலும் அந்தக் காலி இடம் அவன் வலது முழங்காலுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது.

மாசி மாசம், பஞ்சு உடைக்கிற புளோரூமில் தீப்பிடித்தது. செங்கோடன் கரிந்து போனான். ஆனால் அவன் டோக்கன் வெளியே ஆணியில் தொங்கியது. வேலைக்கே வராதவன் உள்ளே எப்படிப் போனானோ தெரியாது, நஷ்டஈடு கிடையாது என்று மில்லில் கைவிரித்துவிட்டார்கள். அவன் பெண்டாட்டி சாமியாத்தாள் கைப்பிள்ளையோடு தினமும் கேட்டில் வந்து நிற்கிறாள்.

அந்த டோக்கன் இதோ, மூன்றாம் வரிசையில் மினுங்கிக்கொண்டு கிடக்கிறது.

குறைவது செங்கோடனுடையது இல்லை.

நரசிம்மலு துள்ளினான். "பதினொண்ணு வெச்சாச் சரியாப் போச்சுங்க! வரிசைக்கு எரநூத்தி இருபத்தொம்பது. ஒரு ஆணி மிச்சமில்லீங்க. அடிச்சுப்போடட்டுங்களா?"

திருமூர்த்தியின் கை மடிக்குப் போனது. அங்கே ஒரு டோக்கன் இருந்தது. கருத்து, ஓரம் நெளிந்து. தீப்பிடித்த அன்று சாயங்காலம் சாம்பல் அள்ளும்போது, செங்கோடனின் கரிக்கட்டையாகிவிட்ட விரல்களைப் பிரித்து அவன்தான் எடுத்தான். நம்பர் இன்னும் படிக்கிற மாதிரிதான் இருந்தது.

திருமூர்த்தியின் நம்பர்.

அன்று அவன் ஆணி காலியாக இருந்ததால், தீயில் தப்பியவன் என்று இரக்கப்பட்டுத்தான் அவனை டைம் ஆபீசில் போட்டார்கள். டைம் ஆபீஸ்காரனுக்கு டோக்கன் கிடையாது. அதனால் பழைய டோக்கன் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

இதைக் கீழே வைத்தால் பத்தும் சரியாக வரும், ஒன்பதும் சரியாக வரும். சாமியாத்தாளுக்குச் சேர வேண்டியது சேரும். ஆள் மாற்றி அனுப்பியவனுக்கு வேலை போகும்.

"அடிங்க," என்றான்.

ஆணி அடிக்கிற சத்தம் பூட்டிக்கிடந்த புளோரூம் சுவரில் மோதித் திரும்பி வந்தது. நரசிம்மலு சுத்தியலைக் கீழே வைத்த பிறகும் ஒரு அடி அதிகமாகக் கேட்டது.

தீப்பிடித்த அன்று காலை, காரமடைத் தேருக்குப் போகிற அவசரத்தில் திருமூர்த்தி தன் டோக்கனைச் செங்கோடன் கையில் திணித்து, "அடுத்த வாரம் உன்ற ஷிப்டை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தான்.

செங்கோடனுக்கு அவன் ஒரு ஷிப்டு பாக்கி.