நூல் ஆடட்டும்

ஒரு காட்டில் யானைக் கூட்டத்துக்குத் தலைவியாக இருந்தவள் மதங்கி. ஒரு கோடையில் சிலந்தி ஒன்று அவளிடம் வந்தது.

"மரத்துக்கு மரம் நூல் கட்டுறேன் அம்மா. ஆபத்து வந்தா நூல் ஆடும், எல்லாருக்கும் தெரிஞ்சிடும். ஆனா நூல் கட்டின மரத்தை யாரும் ஒடிச்சுத் தின்னக் கூடாது" என்றது.

மதங்கி சில மரங்களைக் கொடுத்தாள். வேட்டைக்காரர்கள் வந்தபோது நூல் ஆடியது, கூட்டம் தப்பியது. அடுத்த ஆண்டு சிலந்தி பாதிக் காட்டைக் கேட்டது.

"அவ்வளவு எதுக்கு? குட்டிகளுக்குத் தழை வேணுமே" என்றாள் மதங்கி.

"எத்தனை மரம்னு பார்க்காதீங்கம்மா. நூல் இல்லாத பக்கமா ஆபத்து வந்தா, கூட்டத்துக்கு என்ன பதில் சொல்வீங்க?"

மதங்கி பாதிக் காட்டைக் கொடுத்துவிட்டாள். குட்டிகள் இளைத்துப்போயின.

அந்தப் பங்குனியில் மலைச்சரிவில் தீப்பிடித்தது. புகையைப் பார்த்ததும், "ஆத்துக்கு ஓடுங்க!" என்று மதங்கி பிளிறினாள். ஒரு யானைகூட அசையவில்லை. எல்லோரும் மரங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏன்டா நிக்கிற?" என்று தன் மகனை முட்டித் தள்ளினாள்.

"நூல் இன்னும் ஆடலையேம்மா" என்றான் அவன்.

பெற்ற பிள்ளைக்கே அவள் குரல் போதவில்லை. ஆற்றங்கரை மருதமரத்தில் இருந்த சிலந்தியிடம் ஓடினாள்.

"நூலை ஆட்டு! சீக்கிரம்!"

"ஆட்டிடலாம்மா. அதுக்கு முன்னாடி, அந்த மீதிக் காட்டைப் பத்தி..."

அது சொல்லி முடிப்பதற்குள் மதங்கி தலையாட்டினாள்.

நூல் ஆடியது. கூட்டம் ஆற்றில் இறங்கியது. தலைவி கடைசியாக இறங்கினாள்.