ஏழு தடவை செத்தவர்

இதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தாலும் நாளை முதல் என் டீயில் சர்க்கரை கரையாமல் போகட்டும். முப்பது வருஷம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவன் இதைவிடப் பெரிய சத்தியம் செய்ய முடியாது.

எங்கள் ஆலையில் கொதிகலன் கூடத்துக்குத் தலைவர் இசபீரியே. போன கரும்பு அரவைக் காலம் முடிந்ததும் நிர்வாகம் தலைநகர் கம்பாலாவிலிருந்து கண்ணில் மாட்டிக்கொள்ளும் ஒரு கண்ணாடியை வரவழைத்தது. எருமைக்கு மாட்டினால் எருமையே தலை குனிந்துவிடும், அத்தனை கனம். மாட்டிக்கொண்டால் எங்கள் கொதிகலன் கூடமே கண் முன்னால் வந்து நிற்கும். திடீரென்று தீப்பிடிக்கும். நாற்பது விநாடிக்குள் வாசலுக்கு வந்துவிட வேண்டும். அதுதான் புதுப் பாதுகாப்புப் பயிற்சி.

நடத்த வந்தவள் நாங்கோபி என்று ஒரு சின்னப் பெண்.

எல்லோரும் பாஸ். ஒருத்தன் பதினோரே விநாடியில் வெளியே வந்து, நூற்றுக்கு நூறும் சட்டம் போட்ட சான்றிதழும் வாங்கினான். அவன் ஓடின வேகத்தில் சட்டை தனியாகப் பின்னால் வந்து சேர்ந்தது.

இசபீரியே மட்டும் அந்தக் கண்ணாடித் தீயில் ஆறு தடவை செத்தார்.

"பெரியவரே, வாசல் எந்தப் பக்கம்?" நாங்கோபி பல்லைக் கடித்தாள்.

"இடப்பக்கம் மகளே. அந்தக் கதவை மாட்டினதே நான்தான்."

"அப்புறம் ஏன் ஒவ்வொரு தடவையும் வலப்பக்கம் போறீங்க?"

"அங்க ஒரு வேலை இருக்கே."

"தீப்பிடிச்சு எரியுது. அங்க என்ன வேலை?"

"உனக்குத் தெரியாததா? நீதானே வெச்சிருக்க."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். வரிசையில் நின்ற நாங்கள் சிரித்தோம்.

"அண்ணே, அடுப்புல கிழங்கு சுடப் போட்டுட்டு வந்துட்டீங்களா?" என்றான் எங்களில் ஒருத்தனான கிருண்டா.

"இதுதான் கடைசி," என்றாள் நாங்கோபி. "இதுலயும் செத்தீங்கன்னா கொதிகலன் பக்கமே விடமாட்டாங்க. முற்றத்துல கரும்புத் தோகைதான் கூட்டணும். நான் எழுதித்தான் ஆகணும், என்னைத் திட்டக் கூடாது."

மாட்டினார். வலப்பக்கம் போனார். குனிந்து, வெறும் காற்றில் இரண்டு கையையும் விட்டு எதையோ அள்ளப் பார்த்தார். மறுபடி அள்ளினார். மறுபடியும். வியர்வை கொட்டியது. கண்ணாடி ஊளையிட்டது.

ஏழாவது சாவு.

"போதும் பெரியவரே. உங்களுக்கு இந்தக் கருவி ஒத்துவராது."

"எனக்கும் அப்படித்தான் தோணுது." கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். "நீங்க எல்லாரும் பாஸ் பண்ணிட்டீங்க. கூச்சப்படாம கேக்குறேன். பம்புக்குப் பின்னால ஒருத்தன் கால் மாட்டிக்கிட்டு இருமிக்கிட்டுக் கிடக்கானே, அவனை எந்தப் பொத்தானை அழுத்தித் தூக்கினீங்க?"



நாங்கோபி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வலப்பக்கம் திரும்பினாள். குனிந்து பார்த்தாள்.

"இது சும்மா... பயம் காட்டறதுக்காகப் படத்துல போட்ட ஆள். தூக்கறதுக்குப் பொத்தானே கிடையாது."

இசபீரியே நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அப்ப இவங்கல்லாம் எப்படித் தூக்கினாங்க?"

புது அரவை தொடங்கும் திங்கட்கிழமை மேலாளர் வந்தார். இசபீரியே முற்றத்துக்கு, சான்றிதழ்காரன் கொதிகலனுக்குத் தலைவன் என்று வாசித்தார்.

"எனக்கும் ஒரு துடைப்பம் கொடுங்க சார்," என்றான் கிருண்டா. "பெரியவர் எங்கேயோ அங்கேதான் நான்."

அவன் பின்னால் இன்னொருத்தன். பிறகு மொத்தக் கூட்டமும். வாசலில் கரும்பு லாரிகள் ஆரன் அடித்துக்கொண்டிருந்தன. கொதிகலன் பச்சைத் தண்ணீராய்க் கிடந்தது. மேலாளர் எங்களைப் பார்த்தார், லாரிகளைப் பார்த்தார். வாசித்த தாளைக் கிழித்துப் போட்டார்.

நெருப்பு மூட்ட இசபீரியேதான் போனார்.

கிருண்டாவுக்குப் பின்னால் துடைப்பம் கேட்டு நின்றவன் அந்தப் பதினோரு விநாடிக்காரன். பம்புக்குப் பின்னால் கிடந்தவனை அவனும் பார்த்திருந்தான். பார்த்தும் பாராததுபோல் இடப்பக்கம் பாய்ந்துதான் அத்தனை சீக்கிரம் வெளியே வந்தான்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்தச் சான்றிதழ் என் வீட்டுச் சுவரில்தான் தொங்குகிறது, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு. கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள்.