எள்ளுக்காட்டில் மூன்று குற்றவாளிகள்

நாட்டின் உணவுக் கொள்கை, குன்றாண்டார்கோவில் பக்கம் ஓர் எள்ளுக்காட்டில், காலை ஏழு மணிக்கு நடுநடுங்கி நின்றுகொண்டிருந்தது. அதன் பிரதிநிதிகள் மூவர்: வேளாண் கல்லூரிப் பேராசிரியர் முனைவர் அருள்தாஸ், இறுதியாண்டு மாணவர்கள் ஜெனிஷா, மெல்வின்.

ஐந்து நாளைக்கு முன் இங்கே சத்துக்கரைசல் தெளித்துச் செயல்விளக்கம் காட்டியிருந்தார்கள். காட்டுக்காரி பொற்கொடி, "இனிமே எதுக்குங்க?" என்றாள். பேனர் கட்டியாகிவிட்டதே, விடமுடியுமா? இன்று வந்து பார்த்தால் செடி மஞ்சளாகி, பாதி இலை தரையில் கிடந்தது.

"டேங்குக்கு எத்தனை மில்லி ஊத்துன?" என்றார் பேராசிரியர்.

"பத்தா நூறான்னு நெனப்பு இல்ல சார்." என்றாள் ஜெனிஷா. பொற்கொடிக்கு வருசத்துக்கு இந்த ஒரு வெள்ளாமைதான். இது போனால் அந்த வீட்டுக்கு எதுவுமில்லை. தனக்குப் பட்டமும் இல்லை.

"சார், அங்கிட்டுப் பாருங்க!" மெல்வின் கைநீட்டினான்.

வரப்பில் பொற்கொடி வந்துகொண்டிருந்தாள். பின்னால் ஆறு பெண்கள். எல்லார் கையிலும் அரிவாள். ஒருத்தி தோளில் கயிற்றுச் சுருள்.

"கயிறு எதுக்குடா?"

"கட்டிப்போடத்தான் சார். வேற எதுக்கு?"

ஓடலாமென்றால், கார் அந்தப் பெண்களுக்குப் பின்னால் தார்ரோட்டில் நின்றது. நேற்று மாலைதான் பேராசிரியர் உணவுக் கொள்கை பற்றி இரண்டு மணி நேரம் பேசி, "விவசாயியோடு தோளோடு தோள் நிற்பேன்" என்று முழங்கியிருந்தார். இப்போது ஜெனிஷாவின் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

பொற்கொடி கிட்டே வந்துவிட்டாள். பேராசிரியர் முந்திக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா! மருந்து கலந்தது இந்தப் பொண்ணுதான்!"

ஜெனிஷா அழுதேவிட்டாள். "மன்னிச்சிருங்கக்கா. எலை பூரா கொட்டிப்போச்சு. நாந்தான் தப்பாக் கலந்துட்டேன்."

பொற்கொடி காட்டைப் பார்த்தாள். மூவரையும் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"எள்ளு முத்துனா எலை கொட்டும் பாப்பா. நகருங்க, அறுத்துக் கட்டணும்."