ஒரு சொட்டுப் பரீட்சை

"தண்ணியிலதான் சோடாவைக் கொட்டணும். சோடா மேல தண்ணியை ஊத்தினா பொங்கி மூஞ்சியில அடிக்கும். எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு?"

அவன் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, காஸ்டிக் சோடா இருந்த கிண்ணத்தை எடுத்தான். கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை எல்லாம் சரியாக இருந்தன. ஜன்னல்களை அவள் வந்ததுமே திறந்துவிட்டிருந்தாள். அவன் எடுத்து வைத்திருந்த அலுமினியப் பாத்திரத்தையும் பிடுங்கிப் பரண்மேல் போட்டிருந்தாள். சோடா அலுமினியத்தைத் தின்றுவிடுமாம்.

அவன் கடைசல் பட்டறையில் வேலை செய்பவன். இரும்புத் தூளும் எண்ணெயும் கலந்து கையில் ஏறும் அழுக்கு, கடைச் சோப்புக்கு அசைந்துகொடுக்காது. அவள் ஒரு பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். கல்யாணமான புதிதில் அவன் கைகளைப் பார்த்துவிட்டு, கரித்தூள் கலந்து ஒரு சோப்பு செய்து கொடுத்தாள். எட்டு வருஷமாக வீட்டில் அதுதான்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், "என்கிட்ட பேசறதுக்கு உங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டாள். அவன் யோசித்துப் பார்த்து, "என்ன பேசறது?" என்றான். மறுநாள் அவள் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

கடைசிச் சோப்பும் கரைந்து போனபோதுதான் போன் செய்தான். செய்து அனுப்ப முடியாது, வேண்டுமானால் கற்றுக்கொடுக்கிறேன் என்றாள். முதல் ஞாயிறு செய்து காட்டுவாள். அதற்கப்புறம் அவனே வாரம் ஒன்று செய்து வைக்க வேண்டும். அவள் ஞாயிறு வந்து சோதிப்பாள். ஒன்று தேறிவிட்டால் பிறகு வரமாட்டாள்.

அந்த முதல் ஞாயிறு, சோடாத் தண்ணீர் ஆறியதும் எண்ணெயில் விட்டு, தயிர்ப் பதம் வரும்வரை கிண்டி, கரித்தூளைக் கலந்து அட்டைப் பெட்டியில் ஊற்றினார்கள். பக்கத்தில் பக்கத்தில் நின்றும் முழங்கைகூட உரசவில்லை. ஒரு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

சோதனை என்பது ஒரு சொட்டுதான். ஆய்வகத்திலிருந்து நிறமில்லாத ஒரு திரவத்தைச் சின்னப் புட்டியில் கொண்டுவருவாள். நறுக்கிய சோப்பின்மேல் விட்டால் அப்படியே இருக்க வேண்டும். ரோஸ் நிறமாக மாறினால் உள்ளே சோடா மிச்சம் இருக்கிறது, தோலை அரித்துவிடும் என்று அர்த்தம். ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்று சொட்டு விடுவாள். அவன் சமையலறை வாசலில், மார்க் கேட்க வந்த பையன் மாதிரி நிற்பான்.

"ரோஸ்," என்பாள். "எங்கேயோ விட்டிருக்கீங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க."

அவன் சொல்வான். எண்ணெய் எவ்வளவு சூடு, எத்தனை நிமிஷம் கிண்டினான், அப்போது மனசு எங்கே இருந்தது என்றெல்லாம் கேட்பாள். பதில் சொல்லச் சொல்லப் பேச்சு சோப்பை விட்டு விலகும். பட்டறைக்கு வந்த புது மிஷினைப் பற்றிச் சொன்னான். தனியாகச் சாப்பிடும்போது ரேடியோவைப் போட்டுக்கொள்வதைச் சொன்னான். மூன்றாவது முறை அவள் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தாள்.

மாடியில் குடியிருந்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"மயிரிழை கனம் பார்த்து இரும்பு சீவறவன், தராசுல கோட்டை விடுறியா? உன்னை நம்பி எப்படிடா மிஷினைக் கொடுத்தாங்க?"

அதுதான் அவனுக்கும் புரியவில்லை. மூன்று முறையும் அவள் எழுதிக் கொடுத்த அளவுப்படிதான் போட்டிருந்தான்.

நான்காவது முறை செய்ய உட்கார்ந்தபோது சாயங்கால வெயில் தராசின்மேல் விழுந்திருந்தது. இத்தனை தடவை செய்தாயிற்று, இந்த முறை நிச்சயம் தேறிவிடும் என்று தோன்றியது. தேறினால் அவள் வரமாட்டாள். ஒரு கரண்டி சோடாவைக் கூடுதலாக அள்ளினான்.

கரண்டி கிண்ணத்துக்கு மேலேயே நின்றது. சோதிக்கும்போது அவள் கையுறை போடுவதில்லை. வெறுங்கையால்தான் சோப்பை எடுப்பாள்.

கரண்டியில் இருந்ததை டப்பாவிலேயே திரும்பக் கொட்டினான். மூன்று தடவை நிறுத்தான். ஒரு குறையும் வைக்காமல் செய்து முடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். நறுக்கினாள். ஜன்னலோரம் போய்ச் சொட்டு விட்டாள். அவனால் வாசலில் நிற்க முடியவில்லை. தேறிவிட்டதென்றால் அதைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று நினைத்து, முதல் தடவையாக அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"ரோஸ்," என்றாள் அவள், திரும்பாமல். குரல் கொஞ்சம் தடுமாறியது. "லேசா. அடுத்த ஞாயிறும் வரணும்போல இருக்கு."

அவன் எட்டிப் பார்த்தான். கன்னங்கரேலென்று இருந்த சோப்பின்மேல் சொட்டு ஈரமாக மின்னியது. அந்தக் கறுப்பில் ரோஸ் என்ன, எந்த நிறம் வந்தாலும் யார் கண்ணுக்கும் தெரியாது, முதல் கட்டியிலிருந்தே தெரிந்திருக்க முடியாது.

"ஆமா," என்றான் அவன். "நல்லாவே தெரியுது."